மடிப்பாக்கம் வீடு: முதல் மழையைக் கண்ட பிறகு

ஐப்பசி மழை வலுத்த ஓர் இரவில், நங்கநல்லூர் வாடகை வீட்டிலிருந்து நானும் என் கணவரும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மடிப்பாக்கத்துக்குப் போனோம். பூச்சு வேலையும் மொட்டைமாடித் தளமும் முடிந்தபின் எங்கள் புது வீடு காணும் முதல் பெருமழை அது. தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வாசலில் முதல் படி முழுகி, இரண்டாம் படியின் விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஆறு படிகள் இருந்தன. வாசல் கதவு இறுக்கிக்கொண்டு திறக்க மறுத்தது. அவர் தோள் கொடுத்துத் தள்ளிய பிறகுதான் உள்ளே போக முடிந்தது. அறை அறையாக நுழைந்து, கூரையின் மூலைகளிலும் சன்ஷேடு சேரும் இடங்களிலும் விளக்கடித்துப் பார்த்தோம். மேல்மாடியின் மேற்கு அறையில், ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. மற்ற எல்லா இடமும் காய்ந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா இதே அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனையில் 1986-இல் வீடு கட்டினார். அப்போது மடிப்பாக்கம் ஊராட்சியாக இருந்தது. சென்னை மாநகராட்சியோடு இணைந்தது 2011-இல்தான். அவர் கட்டும்போது வீட்டின் தரை தெருவைவிட இரண்டடி உயரத்தில் இருந்ததாக அம்மா சொல்வார். தார்ச்சாலை வந்தது. பிறகு பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக்கொண்டே போனதில், ஒவ்வொரு முறையும் தெரு ஏறியது, வீடு இறங்கியது. 2015-இல் எங்கள் கூடத்தின் தரை தெருவுக்கு ஒன்பது அங்குலம் கீழே கிடந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு அறிவுறுத்தியதைப் படித்தபோது, அது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கியது.

2015 டிசம்பர் முதல் தேதி, தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் பக்கத்து ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கடலைச் சேரும். வழி முழுவதும் வீடுகளும் சாலைகளுமாக நெருக்கிய பின், அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் எங்கள் கூடமாகவே இருந்தது. அப்பாவையும் அம்மாவையும் எதிர்வீட்டு மாடியில் இரண்டு இரவுகள் தங்கவைத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அப்பா இல்லை. கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கி, அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம் தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: “கழிவறைத் தண்ணி மேல ஏறி வருதுடி. அதைத்தான் என்னால தாங்க முடியல.” அந்த வாக்கியத்திலிருந்துதான் இந்த வீடு தொடங்கியது.

பழைய வீட்டை 2024 வைகாசியில் இடித்தோம். அந்த ஜூலையில் சுயசான்று முறையில் கட்டட அனுமதி தரும் திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவோர் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். பல மாதம் ஆகும் என்று எண்ணியிருந்த அனுமதி விரைவில் கைக்கு வந்துவிடவே, ஆவணியில் பூமி பூஜை போட்டு உடனே வேலையைத் தொடங்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பொங்கல் கழியட்டும் என்றார் பொறியாளர். மேஸ்திரியும் அதையே சொன்னார். நான் கேட்கவில்லை.

எங்கள் மண் களிமண். மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். பழைய வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. சித்திரையில் அதில் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும், கார்த்திகையில் நகம்கூட நுழையாது. சிறுமியாக இருந்தபோது அதை வீடு மூச்சு விடுவதாக நினைத்துக்கொள்வேன். மண் பரிசோதனை அறிக்கையைப் பொறியாளர் விளக்கியபோதுதான் அதன் காரணம் புரிந்தது. சாதாரணக் கடைக்கால் எடுத்தால் அது இந்த ஊதிச் சுருங்கும் மேல்மண்ணிலேயே உட்கார்ந்துவிடும் என்பதால், 12 அடி ஆழத்துக்கு 22 பைல்கள் இறக்க முடிவாயிற்று. பைலின் தண்டு 12 அங்குலக் குறுக்களவு. அடியில் மட்டும் மண்ணைக் குடைந்து 30 அங்குலத்துக்கு மணிபோல விரித்து, அதில் கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட்டை நிரப்புவார்கள். மேல்மண் ஊதி இழுத்தாலும் அடியில் விரிந்த அந்தப் பகுதி நங்கூரம்போலப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்பது பைல்கள் முடிந்திருந்தன. இன்னும் ஆறு குழிகளைத் தோண்டிவைத்திருந்தோம். அக்டோபர் 15-ஆம் தேதி மழை பிடித்தது. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதை எல்லாரும் செய்தியில் பார்த்தார்கள். அதே மழையில் எங்கள் ஆறு குழிகளும் சரிந்து சேறாகின. பைல் குழியைத் தோண்டிய அன்றே கான்கிரீட் போட்டுவிட வேண்டும், ஒரே நேரத்தில் பல குழிகளைத் திறந்து வைக்கக் கூடாது என்ற பாடத்தை அந்தச் சேற்றின் முன் நின்றுதான் கற்றேன். வேலை தை வரை நின்றது. சரிந்த இடங்களில் மண்ணை வெட்டி எடுத்து, பைல்களின் இடத்தை மாற்றி, வரைபடத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இரண்டு வீட்டு வாடகைக்குச் சமமான பணம் மாதாமாதம் வீணாகப் போனது. அது முழுக்க என் அவசரத்தின் விலை.

தெருவிலிருந்து வீட்டுத் தரை வரையிலான பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதில்தான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் 2015 வெள்ளம் விட்டுச்சென்ற கறை, தெருவிலிருந்து இரண்டரை அடியில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதோடு ஒன்றரை அடி சேர்த்து நான்கு அடி வைத்துவிடலாம் என்றார் பொறியாளர். தெரு இன்னும் ஏறும் என்று கணக்கிட்டுத்தான் அவர் சொன்னார். நான் உடனே தலையாட்டினேன். அம்மா மட்டும், சாரம் கட்டும் சவுக்குக் கம்புகள் கிடந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, “எத்தனை படி வரும் தம்பி?” என்று கேட்டார்.

“ஆறு அங்குலம்னு வெச்சா எட்டுப் படி வரும்மா.”

“வெள்ளம் எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்துச்சு. படி தெனமும் இருக்கும்ல. எனக்கு எழுபத்தோரு வயசு, ரெண்டு முட்டியும் போச்சு.”

அதற்குப் பொறியாளரிடம் உடனே பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. இரண்டு வாரம் அதையே பேசினோம். சாய்தளம் வைத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. உயரத்தை மூன்றரை அடியாகக் குறைத்தாலும் 42 அடி வேண்டும், எங்கள் மனையின் நீளமே நாற்பது அடிதான். வீட்டுக்குள் லிஃப்ட் வைக்கும் வசதி எங்களுக்கு இல்லை. கடைசியில் பொறியாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தெருவில் நான்கைந்து வீடுகளின் படிகளில் ஏறி இறங்கச் சொன்னார். ஒவ்வொரு படியையும் டேப் வைத்து அளந்தார். ஏழு அங்குலப் படியில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்து மறுகாலையும் அதே படியில் சேர்த்து ஏறினார். ஐந்தே கால் அங்குலப் படி ஒன்றில் கால் மாற்றிக் கால் வைத்து, பிடிக்காமலேயே ஏறினார். ஏறிய பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.

அப்படியாகத் தரை மட்டம் மூன்றரை அடி என்று முடிவாயிற்று. ஐந்தே கால் அங்குலத்தில் எட்டுப் படிகள். கால் முழுவதும் பதிய ஒவ்வொன்றும் ஓரடி அகலம். நான்காம் படி முடிந்ததும் உட்காரத் திண்ணையுடன் ஒரு சிறு மேடை. அங்கிருந்து திரும்பி மற்ற நான்கு. இருபுறமும் கைப்பிடிக் கம்பி. இதற்காகக் கார் நிறுத்தும் இடத்தில் பாதி போனது. எங்களிடம் இருப்பது ஸ்கூட்டர்தான், அது போதும். இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் அந்தப் படிகளையே காட்டுவேன்.

பேஸ்மட்டத்துக்குள் இட்டு நிரப்பத் தோண்டிய களிமண்ணைத் தொடவில்லை. வெளியிலிருந்து கிராவல் வரவழைத்து, அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திம்சு போட்டார்கள். மாசிக் கடைசியில் நிலை வைத்தோம். நவதானியமும், அப்பா சேர்த்துவைத்திருந்த பழைய ஒரு ரூபாய் நாணயமும் நிலைக்கு அடியில் போயின.

கான்கிரீட்டுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்பது தெரிந்த விஷயம்போலத் தோன்றும். ஆனால் கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. எங்கள் போர் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், 900-ஐத் தாண்டியது. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். சென்னையில் முப்பது வயதுகூட ஆகாத எத்தனையோ வீடுகளின் கூரையில் கம்பி வெளியே தெரிவதை நாம் பார்க்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே வேலைக்கும், தளத்தில் தண்ணீர் கட்டவும், கடைசி வரை லாரித் தண்ணீரையே வாங்கினோம்.

தரைத்தளத்து ரூஃப் கான்கிரீட் போட்ட நாளை மறக்க முடியாது. சித்திரை வெயில். முந்தைய இரவே கம்பியும் மின்குழாய்களும் சரிபார்த்தாயிற்று. கம்பிக்குக் கீழே அதைத் தூக்கிப் பிடிக்கும் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்குகளை நானே குனிந்து எண்ணினேன், ஆட்கள் நடக்கும்போது அவை நழுவிவிடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். ஆலையிலேயே கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் மூன்று லாரி சொல்லியிருந்தோம். முதல் லாரி நன்றாக வந்து இறங்கியது. இரண்டாவது லாரி, மெட்ரோ ரயில் வேலை நடக்கும் மேடவாக்கம் பிரதான சாலையில் சிக்கிக்கொண்டது. ஆலையில் 10.10-க்கு ஏற்றிய சரக்கு 12.20-க்கு எங்கள் தெருவில் திரும்பியது. இறங்கியவுடன் ஓட்டுநர் குழாயை எடுத்து டிரம்முக்குள் தண்ணீர் விடத் தொடங்கினார், இறுகிவந்த கலவை பம்பில் ஓடட்டும் என்று.

பொறியாளர் ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கினார். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றி இளக்கினால், அந்த அதிகத் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது விட்டுச்செல்லும் நுண்துளைகள்தான் கூரையில் ஒழுக்காகவும் துருவாகவும் திரும்பி வரும். லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அந்த நிறுவனத்தாரோடு தொலைபேசியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. பணத்தில் கழிக்க மாட்டோம் என்றார்கள். ஒரு கணம் எனக்கும் தயக்கம் வந்தது. மேலே முப்பது பேர் நிற்கிறார்கள், தளம் பாதியில் நிற்கிறது, வெயில் ஏறுகிறது. ஆனால் தன் கையெழுத்தைப் போடும் மனிதர் வேண்டாம் என்கிறபோது நான் வேண்டும் என்று சொல்வதற்கில்லை. லாரி திரும்பிப் போனது. முதல் லாரிக் கான்கிரீட்டின் ஓரம் இறுகிவிடாமல் ஈரச் சாக்குகளைப் போர்த்தி, மேஸ்திரி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐம்பது நிமிடத்தில் மாற்று லாரி வந்தது. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் வைப்ரேட்டரைக் கூடுதல் நேரம் இறக்கி இரண்டையும் ஒன்றாகக் கலந்தார்கள். அன்று சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கட்டிகளை 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்தபோது, வேண்டிய 25-ஐத் தாண்டிச் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனுக்கு மேல் தாங்கின. அந்தத் தாளை லேமினேட் செய்து மனைப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். பத்து நாள் நிறுத்தினால் போதும் என்றார்கள். பதினான்கு நாள் நிறுத்தினோம். காலை ஐந்தரைக்கு நானும், மாலையில் என் மகனும் போய்ப் பாத்திகளை நிரப்புவோம். பில்லர்களுக்குச் சாக்கு சுற்றி நனைப்பதைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள், நிற்கும் கான்கிரீட்டில் தண்ணீர் தங்காது என்பதால். ஆனியில் மேல்தளத்து ரூஃபும், ஆடி ஆவணியில் பி-சாண்டில் (பூச்சுக்கான செயற்கை மணல்) உள்பூச்சு வெளிப்பூச்சும் பெரிய சிக்கலின்றி முடிந்தன.

மொட்டைமாடியில் என்ன போடுவது என்பதில் நான் பழைய முறைக்கே போனேன். கூலிங் டைல்ஸ் மூன்று நாளில் முடிந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் அப்பா போட்ட சுர்க்கித் தளம் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு சொட்டு ஒழுகவிடவில்லை. அதை இடிக்கும்போது ஆட்கள் கடப்பாரையால் திணறியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. செய்யாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு வயதான கொத்தனாரும் எட்டுப் பெண்களும் வந்தார்கள். செங்கல் ஜல்லியை முந்தின நாளே ஊறவைத்து, நீற்றிய சுண்ணாம்போடு புரட்டி, பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் வருமாறு பரப்பினார்கள். பிறகு பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடி வைத்த மரக்கட்டையால் அடிக்கத் தொடங்கினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்தார்கள். முதல் நாள் கட்டை பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்தது. ‘சளக் சளக்’ என்ற ஓசை. இரண்டாம் நாள் சுண்ணாம்புப் பால் மேலே கசிந்து வந்தது. நான்காம் நாள் மாலை கட்டை பட்டுத் துள்ளித் திரும்பியது, ஓசையும் ‘டங் டங்’ என்று மாறியது. “இப்ப வெந்திருச்சும்மா” என்றார் கொத்தனார், சோற்றைப் பதம் பார்ப்பவர்போல. அவர் கைகள் சுண்ணாம்பில் வெடித்துப் போயிருந்தன. அதன் மேல் தட்டையான சுட்ட ஓடுகளைப் பதித்து முடித்தபோது புரட்டாசி பாதி கடந்திருந்தது.

மாடியில் விழும் மழை முழுவதும் இரண்டு குழாய்கள் வழியே இறங்கி, மணலும் ஜல்லியும் நிரப்பிய தொட்டியில் வடிந்து, 12,000 லிட்டர் சம்புக்குப் போகிறது. மிஞ்சுவது உறைகிணற்றில் இறங்குகிறது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம்தான் என்றாலும், 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த அம்மாவுக்குச் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாடி 800 சதுர அடி, ஒரு செ.மீ. மழைக்கு ஏறக்குறைய 740 லிட்டர் சேரும். சம்பின் வாயைத் தரையோடு வைக்காமல் பேஸ்மட்ட உயரத்துக்குத் தூக்கிக் கட்டினோம், தெருத் தண்ணீர் உள்ளே கலக்காதிருக்க. மோட்டாரும் மீட்டர் பெட்டியும் அதே உயரத்துக்கு மேல். கழிவுநீர் வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தியிருக்கிறது. வெளியே நீர் ஏறினால் அது தானாக மூடிக்கொள்ளும். அதை மாட்டிய அன்று அம்மாவை அழைத்துப் போய், மூடியைத் திறந்து, அது எப்படி அடைத்துக்கொள்கிறது என்று பிளம்பர் கையால் தள்ளிக் காட்டினார். அம்மா மூன்று முறை காட்டச் சொன்னார்.

மழை இரவில் நாங்கள் பார்த்த ஈரத்தின் காரணம் மறுநாளே தெரிந்தது. அந்த ஜன்னலின் அடிக்கல்லை வெளிப்பக்கம் சாய்க்காமல் உள்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கல்லைப் பெயர்த்து மீண்டும் வைக்க வேண்டும்; காய்ந்த பிறகே அந்தச் சுவருக்குப் பட்டி பார்க்க முடியும். இன்னும் மிச்சமிருப்பவை: மேல்மாடிக் குளியலறையில் டைல்ஸ் (தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் 48 மணி நேரச் சோதனை முடிந்துவிட்டது), ஸ்விட்சுகள், உள்பக்க வண்ணம், படிகளின் கைப்பிடிக் கம்பி, காம்பவுண்டு கேட். தையில் நாள் பார்த்திருக்கிறோம்.

வாசல் கதவு அப்பாவுடையது. 1986-இல் மயிலாப்பூரில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து அவர் வாங்கிவந்த பர்மா தேக்கு. இரண்டு வெள்ளங்களில் நனைந்தும் கோணவில்லை. புது நிலையை அந்தக் கதவின் அளவுக்கே செய்யச் சொன்னோம். மழை இரவில் இறுக்கிக்கொண்டதால் ஓரத்தைக் கொஞ்சம் இழைத்துவிடலாம் என்று ஆசாரியை அழைத்தேன். அவர் கதவின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இழைப்புளியை எடுக்கவே இல்லை. “மழையில ஊதியிருக்கு. இப்ப இழைச்சா கோடையில வெளிச்சம் தெரியும். தை வெயில் படட்டும், தானா சரியாயிடும்” என்றார். அதுவரை உள்ளே போகிறவர்கள் தோள் கொடுத்துத் தள்ளித்தான் திறக்க வேண்டும். நேற்று அம்மா எட்டுப் படிகளையும் ஏறி வந்து, கதவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தித் தானே திறந்தார்.